இணைச்சீருக்கு ஒரு ஜாக்கெட்

மல்லசமுத்திரம் பக்கம் சேகோ பேக்டரிக் களங்களில் வேலை செய்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் முண்டாசு, கையில் ஜவ்வரிசியைக் கிளறிவிடுகிற பலகை. சிமெண்டுக் களத்தில் அடிக்கிற வெயில் அப்படி. சட்டை போடாமல் நின்றால் சாயங்காலம் முழங்கைத் தோல் உரிந்துவிடும். அந்தக் கூட்டத்தில் யார் ஒல்லி, யார் குண்டு என்பதுகூடத் தெரியாது. சாரதாமணிக்கு இது பெரிய சௌகரியமாகப் போயிற்று.

ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், மூடி வைத்து என்ன ஆகப் போகிறது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்து, கோயமுத்தூரில் ஆபரேசன் செய்து, அந்த மார்பை முழுதாக எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றி, முடி கொட்டி, மறுபடி முளைத்து, ஆளும் தேறி வந்துவிட்டாள். பேக்டரிக்கும் திரும்பிப் போனாள். ஊட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டால் அவளும் மற்றவர்களும் ஒன்றுதான். அவர் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போய் மாசக்கணக்கில் வராத மனுசர், சட்டைகளுக்குப் பஞ்சமில்லை. களத்தை விட்டு வெளியே போனால் தோளில் ஒரு துண்டு. கோயிலுக்கும் துண்டு, சந்தைக்கும் துண்டு. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் அவள் தம்பி அன்பரசுக்குப் பெண் அமைந்துவிட்டது.

அமைந்தது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிற பையனுக்கு இந்தக் காலத்தில் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஜாதகம் சுற்றிச் சுற்றியே கிழிந்துபோனது. முன் நெற்றியில் முடி ஏறிய பிறகுதான் மோகனூரில் ஓர் இடம் குதிர்ந்தது. பெண் ஜோதி, நர்சரிப் பள்ளியில் டீச்சர். சாரதாமணிக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா செத்தபோது அன்பரசு பால் மறக்காத குழந்தை. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் அவள். ஐந்தாம் வகுப்போடு நின்றதும் அவனுக்காகத்தான்.

இனி இணைச்சீர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளை மணப்பெண் போலவே அலங்கரித்து, சபையில் அவன் பக்கத்தில் நிறுத்துகிற சீர் அது. வகையறாவுக்கு வகையறா முறை மாறும். இவர்கள் வகையறாவில் கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொள்ள, அவள் இடது தோளுக்கு மேலே பேழைக்கூடையை, அதாவது சீர் வைத்த மூங்கில் கூடையை, தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். பிறந்த வீட்டில் அவளுக்கு உள்ள உரிமை எங்கேயும் போகவில்லை என்று ஊரறியச் சொல்வது அந்த நிற்பு. கவனியுங்கள், இடது கை. மேலே தூக்கிய கை. சட்டையும் கிடையாது, துண்டும் கிடையாது, பட்டுச்சேலையும் ஜாக்கெட்டும் மட்டும். முன்னால் அவ்வளவு சனம், வீடியோக்காரன் வேறு.

சாரதாமணி முதலில் வழக்கமான டெய்லரிடம்தான் போனாள். நம் டெய்லர்களின் வழக்கம் தெரியுமல்லவா? அளவெடுக்கவே மாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதுதான் அளவு ஜாக்கெட். அதைப் பரப்பி வைத்து அதே மாதிரி வெட்டித் தைத்துவிடுவார்கள். சாரதாமணியிடம் இருந்த அளவு ஜாக்கெட் ஆபரேசனுக்கு முந்தியது. டெய்லர் அதைப் பார்த்து நூல் பிசகாமல் தைத்துக் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தால் இடது பக்கம் துணி தொங்கியது, ஆபரேசனுக்குப் பிறகு அதே பக்கத்துக் கை வீங்கியிருந்ததால் கைப்பகுதி ஏறவேயில்லை. புது அளவு எடுக்கச் சொல்லலாம். அதற்கு அவர் முன்னால் துண்டை எடுக்க வேண்டுமே. அவளால் ஆகாது. அன்றைக்குத்தான் தானே தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

திருச்செங்கோட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மெஹ்ரீன் தையல் வகுப்பு நடத்தினாள். கீழே கடை அவள் கணவன் சமியுல்லாவுடையது. மெஹ்ரீனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, கைக்குழந்தைக்காரி. தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே பாடம் சொல்வாள். தப்பாக வெட்டினால் கத்த மாட்டாள். அந்தத் துணியை எல்லோரும் பார்க்கிற மாதிரி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாள், அவ்வளவுதான். கூடப் படித்ததெல்லாம் காலேஜ் முடித்த பெண்பிள்ளைகள். நடுவில் பேக்டரி ஷிப்டு முடித்து, பஸ் பிடித்து, ஊட்டுக்காரர் சட்டையோடு போய் உட்காருவாள் சாரதாமணி.

முதல் வாரம் காகிதம் வெட்டினார்கள். நன்றாகவே வெட்டினாள். அடுத்து ஒருவருக்கொருவர் இஞ்ச் டேப்பால் அளவெடுக்க வேண்டும் என்று மெஹ்ரீன் சொன்னாள். பக்கத்துப் பெண் டேப்பை விரித்துக்கொண்டு, சட்டையைக் கழற்றுங்கக்கா என்று கிட்டே வந்ததும் சாரதாமணி எழுந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டாள். பஸ்ஸாவது ஒன்றாவது. பஸ் ஸ்டாண்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வந்தபோது மெஹ்ரீன் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் தனியாக, வீட்டில் இருக்கிற ஜாக்கெட்டைப் பார்த்தே அளவு குறித்துக்கொள்ளச் சொன்னாள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. சாரதாமணி மறுபடியும் அந்தப் பழைய அளவு ஜாக்கெட்டையே கொண்டுவந்தாள்.

ஜாக்கெட் துணியை மடித்துப் போட்டுத்தான் வெட்டுவார்கள். ஒரு தடவை வெட்டினால் இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி வரும். சாரதாமணியும், வீங்கிய கைக்காகக் கைப்பகுதியை மட்டும் கொஞ்சம் தளர்த்தி, அப்படியே வெட்டினாள், தைத்தாள். தையல் என்னவோ அழகாக விழுந்தது; மெஹ்ரீன் அதை ஜன்னலில் தொங்கவிடவில்லை. வலது பக்கம் கச்சிதம், இடது பக்கம் காலி. சரி, காலியான இடத்தை நிரப்பிவிட்டால் போயிற்று என்று நினைத்தாள் சாரதாமணி. துணியை உடம்புக்குத் தக்கபடி வெட்டுவதை விட்டுவிட்டு, உடம்பைத் துணிக்குத் தக்கபடி ஆக்கப் பார்த்தாள்.

பஞ்சு வைத்துப் பார்த்தாள். கனமில்லாததால் அது மத்தியானத்துக்குள் தோள் எலும்பு வரைக்கும் ஏறிவிட்டது. கனமாகவும் வேண்டும், மெத்தென்றும் வேண்டும். நாள் முழுக்க ஜவ்வரிசியில் புரள்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? மெல்லிய துணியில் பை தைத்து, நல்ல வெள்ளை ஜவ்வரிசியாகப் பார்த்து நிரப்பி, ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தாள். அடேயப்பா, பழைய சாரதாமணி நின்றாள். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

அதைப் போட்டுக்கொண்டுதான் நிச்சயத்துக்கு, அதாவது உப்புச் சர்க்கரை மாற்றுவதற்கு, மோகனூர் போனாள். துண்டில்லாமல் போனாள். சித்திரை மாசம், வேனில் அடைத்துக்கொண்டு பயணம். இறங்கியதும் குழாயடியில் முகம் கழுவினாள், கழுத்தில் தண்ணீரை அள்ளி விட்டுக்கொண்டாள். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை பாருங்கள். வேர்வையும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போன ஜவ்வரிசி என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஊறியது, கரைந்தது, கூழானது.

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது இடது பக்கம் வெள்ளையாக வழிய ஆரம்பித்தது. இலையில் பரிமாறியிருந்ததும் ஜவ்வரிசிப் பாயசமாகப் போனதுதான் கொடுமை. பக்கத்தில் அவள் சின்னம்மா கந்தம்மாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாயை மூடத் தெரியாதவள். பாயசத்தை மேலே கொட்டிக்கொண்டாயா என்று கேட்டுக்கொண்டே கையால் துடைத்தாள். துடைத்த கைக்கு அடியில் மார்பு பொதக்கென்று அமுங்கிப் போனது. கந்தம்மாள் அரண்டு கையை எடுத்தாள். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அய்யோ சாமி, புண்ணு இன்னும் ஆறலையா உனக்கு?" என்றாள் கந்தம்மாள். அதோடு விட்டாளா? பெண் வீட்டுப் பொம்பளைகள் காதில் விழும்படி, இந்த உடம்போடு இவள் எப்படிச் சபையில் நிற்பாள், நம்ம அன்புச்செல்வியே இணைச்சீருக்கு நிற்கட்டும், அவளும் அவனுக்குத் தங்கச்சிதானே என்று ஏற்பாடே செய்துவிட்டாள். அன்புச்செல்வி கந்தம்மாளின் மகள். அந்தப் பிள்ளை பாவம், சாதத்தைப் பிசைந்தபடி குனிந்துகொண்டது.

திரும்பி வருகிறபோது வேனில் சாரதாமணி இடது பக்கத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அந்த ஜாக்கெட்டைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். ஈரக் கூழ் எரியுமா? புகைந்துகொண்டே கிடந்தது. தம்பியைக் கூப்பிட்டு, அன்புச்செல்வியே நிற்கட்டும், தான் பந்தியைக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னாள். அன்பரசு ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ மாமன் சட்டையப் போட்டுட்டு வந்தாலும் சரி, துண்டப் போத்திக்கிட்டு வந்தாலும் சரிக்கா, எனக்கு நீதான் நிக்கோணும். நீ நிக்கலீன்னா அந்தச் சீரே வேண்டாம்னு சொல்லிப்போடுவேன்."

அவன் போன பிறகு சாரதாமணி அழுதாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. தம்பி மேலல்ல, சின்னம்மா மேல்கூட அவ்வளவாக இல்லை. சட்டையோடு போய் நின்றால் சனம் பரிதாபப்படும். தம்பி கல்யாணத்தில் தன்னைப் பார்த்து ஒருத்தரும் ச்சுச்சூ கொட்டக் கூடாது என்று நினைத்தாள். மறுநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகளெல்லாம் போகும்வரை காத்திருந்து, மெஹ்ரீன் முன்னால் சட்டையைக் கழற்றினாள்.

"பாருங்க டீச்சர். இதுக்குத்தானுங்க நான் ஓடுனது."

மெஹ்ரீன் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை, கண் கலங்கவில்லை, ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. தையல்காரி பார்க்கிற பார்வை பார்த்தாள். அப்புறம் மேசைமேல் கிடந்த பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்து, இனி இது தரை துடைக்கத்தான் ஆகும் என்று கூடையில் போட்டாள்.

"எல்லாத்துக்கும் மடிச்சு வெட்டற மாதிரி உங்களுக்கும் மடிச்சுட்டமுங்கக்கா. தப்பு எம்மேலதானுங்க. விரிச்சுப் போட்டு வெட்டோணும். இந்தப் பக்கம் தனி ஜாக்கெட்டு, அந்தப் பக்கம் தனி ஜாக்கெட்டுன்னு நெனச்சுக்கங்க."

அப்படியே செய்தார்கள். வலதுக்கு ஓர் அளவு, இடதுக்கு ஓர் அளவு. தழும்பு தெரியாதபடி கழுத்தை ஏற்றி, வீங்கிய கைக்குத் தக்கபடி கைப்பகுதியை அகலமாக்கி, கை தூக்கினால் ஜாக்கெட் கூடவே ஏறாதபடி அந்தக் கைக்குழியின் வளைவை மாற்றினாள் சாரதாமணி. மாற்றியது ஒரே முறையில் வந்துவிடவில்லை. எத்தனையோ தடவை பிரித்தாள். கை தூக்கிப் பார்ப்பாள், இழுக்கும், பிரிப்பாள். இவளுடைய துணிகளாகவே ஜன்னல் முழுக்கத் தொங்கின. காலேஜ் பிள்ளைகளுக்கு விஷயத்தை அவளே சொல்லிவிட்டாள். அப்புறம் என்ன, ஆளுக்கொரு யோசனை. கண்ணாடியைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சண்டையே போட்டுக்கொண்டார்கள்.

ஆபரேசனுக்குப் பிறகு தோளுக்கு மேலே போகாமல் இருந்த கையும் இடையில் வழிக்கு வந்தது. சுவரில் விரலால் ஏறிப் பழகச் சொல்லி டாக்டர் சொன்ன பயிற்சியை எப்போதோ விட்டிருந்தாள். இப்போது பேக்டரிச் சுவர், பஸ் ஸ்டாண்டுத் தூண் என்று எதையும் விடவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் பல்லி என்று பேர் வைத்தார்கள்.

உள்ளே வைக்கிற பைக்கு இந்தத் தடவை ஜவ்வரிசி என்ற பேச்சே எடுக்கவில்லை. தொட்டிலில் குழந்தையின் தலைக்கு வைத்திருந்த கடுகுத் தலையணையை மெஹ்ரீன் எடுத்துக் காட்டினாள். பிள்ளைக்குத் தலை நின்று உருண்டு புரள ஆரம்பித்துவிட்டது, இனி அது தேவையில்லை. கடுகு கனமாகவும் இருந்தது, சொன்ன இடத்திலும் இருந்தது. ஜாக்கெட்டின் உட்புறம் ஒரு சட்டைப்பை மாதிரி தைத்து, துவைக்கிறபோது கடுகுப் பையை வெளியே எடுத்து வைக்கிறபடி செய்துகொண்டாள். அனுபவப்பட்டவள் அல்லவா?

கல்யாணம் ஆவணியில். திருச்செங்கோடு ரோட்டு மண்டபம். மணமகள் அறைக்கு எதிர் அறையில் அன்புச்செல்விக்கும் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தாள் கந்தம்மாள். ஒருவேளைக்கு இருக்கட்டும் என்றாளாம். அந்த நேரத்தில் சாரதாமணி மாம்பழ மஞ்சள் பட்டும் அரக்கு ஜாக்கெட்டுமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கந்தம்மாள் மேலும் பார்த்தாள், கீழும் பார்த்தாள். இடது பக்கத்தையே பார்த்தாள். பிறகு தன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"எதுக்கும் இதப் போத்திக்க சாமி. சபை பெரிசு."

"எனக்கு வேர்க்கலீங்க சின்னம்மா. நீங்க தொடச்சுக்கங்க" என்றாள் சாரதாமணி.

அன்புச்செல்விதான் முதலில் சிரித்தாள். கிட்டே வந்து ஜாக்கெட்டின் கையைத் தடவிப் பார்த்து, எந்த டெய்லர் அக்கா, எனக்கும் சொல்லு என்றாள். நான்தான் என்று சாரதாமணி சொன்னதைச் சின்னம்மா நம்பவே இல்லை. தையலைத் திருப்பிப் பார்த்த பிறகு வாயடைத்துப் போனாள். கந்தம்மாளுக்கு வாயடைத்துப் போய் அந்த வகையறாவில் யாரும் பார்த்ததில்லை.

இணைச்சீர்க்காரி வரட்டும் என்று சபையிலிருந்து அருமைக்காரர் குரல் கொடுத்தார். கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கிற பெரியவர் அவர். சாரதாமணி போய்த் தம்பி பக்கத்தில் நின்றாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். முன்னால் நாற்காலி வரிசைகளில் சொந்தம், சனம், பேக்டரிக் கூட்டம், சமியுல்லாவின் மடியில் குழந்தை, பக்கத்தில் மெஹ்ரீன். மெஹ்ரீனின் கண் ஜாக்கெட்டின் இடது கைக்குழியை விட்டு அசையவில்லை. பேழைக்கூடையை எடுத்துக் கொடுத்தார்கள்.

சாரதாமணி இடது கையைத் தூக்கினாள். இடுப்பு வரைக்கும் வந்தது, தோள் வரைக்கும் வந்தது. அந்த இடத்தில் ஒரு நொடி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தாண்டினாள். கூடை தோளுக்கு மேலே போய் நின்றது. ஜாக்கெட் ஏறவில்லை, இழுக்கவில்லை, சுருங்கவில்லை. தைத்தவள் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. கூட்டத்தில் ஒரு முகத்திலும் பரிதாபம் இல்லை. மெஹ்ரீன் மூச்சு விட்டதை அவள் பார்த்தாள். அன்பரசு அக்காவைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தான், பார்த்தால் அழுதுவிடுவான்.

அருமைக்காரர் சொல்ல வேண்டியதைச் சொல்லி, தெளிக்க வேண்டியதைத் தெளித்து, சீரை முடித்தார். ஆஸ்பத்திரிச் சங்கதி அவருக்கும் தெரியும்.

"போதும் சாமி, கூடைய எறக்கிக்க. கை நோகப் போகுது."

அவள் இறக்கவில்லை. இடது கையை இன்னும் கொஞ்சம் மேலே நீட்டினாள்.

"இல்லீங்க. இன்னுங் கொஞ்ச நேரம் நிக்கறனுங்க" என்றாள்.